ஒரே பெஞ்சில் இருவர்

சென்ற ஆண்டு, ஆவணி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.

காலையில் தொலைபேசி அழைப்பு வந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பதிவு வரிசைப்படி இருவர் அழைக்கப்பட்டனர். முதல் ஆள்: பெண், அறுபதைக் கடந்தவர், ஸ்ரீரங்கம். மாற்று ஆள்: பெண், நாற்பதை நெருங்குபவர், சமயபுரத்துக்கு வடக்கே ஒரு கிராமம். இருவரும் வெறும் வயிற்றுடன் வந்தனர். இருவரிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது. பிற்பகலில் முடிவு வந்தது; உறுப்பு இருவருக்கும் பொருந்தியது. முதல் ஆள் அறுவைச் சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார். மறுத்தார். மறுப்பு எழுத்தில் பெறப்பட்டது. சிறுநீரகம் மாற்று ஆளுக்குப் பொருத்தப்பட்டது. முதல் ஆள் இவ்வாண்டு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், நோய்த்தொற்றால் இறந்தார்.

முதல் ஆளின் பெயர் கோமளவல்லி. என் மனைவி.

மேலே உள்ளதை மருத்துவக் குறிப்பு எழுதும் முறையில் எழுதியிருக்கிறேன். அந்த நாளை வேறு முறையில் எழுத எனக்கு இன்னும் கைவரவில்லை. எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் என்னிடம் பயின்று, இன்று அந்த மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவை நடத்தும் டாக்டர் நிவேதா, சென்ற மாதம் ஒரு வரைவுடன் வீட்டுக்கு வந்தார். உறுப்புக்காக அழைக்கப்படும் முதல் ஆளும் மாற்று ஆளும் இனி வெவ்வேறு தளங்களில் அமர்த்தப்பட வேண்டும். ஒருவரையொருவர் பார்க்கவோ பேசவோ வாய்ப்பிருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

"அன்னைக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது சார். அதுக்குத்தான்," என்றார். "நீங்க டாக்டர் சவரிமுத்துகிட்ட வேலை பாத்தவங்க. 'சரி'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கமிட்டில யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தபோதுதான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத்துவம் படித்தேன். சிறுநீரக மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தேன். இடையில், ஆசையினால், மாலை வகுப்பில் மெய்யியலில் ஒரு பட்டம் பெற்றேன். "அந்தப் பட்டத்தால சம்பளம் ஏறல, தூக்கம்தான் குறைஞ்சுது," என்று கோமளா விருந்தினரிடம் சொல்வாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த மாலை வகுப்புகளில் கேட்ட ஒரு கருத்து என்னை விடாமல் பற்றிக்கொண்டது. ஒரு சமூகத்துக்கு விதி வகுப்பவர், அந்தச் சமூகத்தில் தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்பதை அறியாதவராக இருந்து வகுக்க வேண்டும். தாம் ஏழையா, செல்வரா, எந்தத் தெருவில் பிறந்தவர், எந்த உடலோடு பிறந்தவர் என்பது தெரியாதபோதுதான் ஒருவர் எல்லோருக்குமாகச் சிந்திப்பார். கேட்டபோது அழகான கற்பனை என்று நினைத்தேன். அதை ஒருவர் புதன்கிழமைதோறும் பிற்பகலில் நடைமுறைப்படுத்திக்கொண்டிருப்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

டாக்டர் சவரிமுத்து எங்கள் பிரிவின் தலைவர். அக்காலத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் மிகக் குறைவு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அந்த இயந்திரத்தின் அருகில் ஒரு நாற்காலி காலியாகிறதென்றால், பெரும்பாலும் அதில் அமர்ந்திருந்தவர் இறந்துவிட்டார் என்று பொருள். அதற்குக் காத்திருப்பவர்களில் யாரை அமர்த்துவது என்று முடிவெடுக்கவே புதன்கிழமைக் கூட்டம்.

கூட்டத்தின் முறை இதுதான். நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் அறைக்குள் வரக் கூடாது. தலைமைச் செவிலியர் குறிப்பை வாசிப்பார். அதில் பெயர் இராது. ஊர், தொழில், மதம், யார் அனுப்பினார்கள் என்பது எதுவும் இராது. "ஒன்றாம் ஆள்", "இரண்டாம் ஆள்" என்றுதான் தொடங்கும். இரத்தத்தில் உப்பு எவ்வளவு, இதயம் எப்படி, வேறு நோய் உண்டா என்பவை மட்டும். மருத்துவ நிலையில் இருவர் சமமென்றால், முன்னதாகப் பதிவு செய்தவருக்கு நாற்காலி.

யாராவது வாய்தவறி "பாவம்" என்று சொல்லிவிட்டால், டாக்டர் சவரிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "பாவம்ங்கிறது ரத்தப் பரிசோதனையில எத்தனாவது வரிங்க?" என்பார். குரல் உயராது. பிறகு கண்ணாடியை அணிந்துகொண்டு, வாசிப்பு விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று கையசைப்பார். பெரிய மனிதர்கள் தொலைபேசியில் பரிந்துரைக்க வருவார்கள். அவர் மிகுந்த மரியாதையோடு இடைமறிப்பார்: "ஐயா, பேரை மட்டும் சொல்லிடாதீங்க. பேர் தெரிஞ்ச கேஸை இந்த வாரம் எடுக்க மாட்டோம், அடுத்த வாரத்துக்குத் தள்ளிடுவோம். உங்க ஆளுக்குத்தான் நஷ்டம்." மறுமுனையில் அவசரமாகத் தொலைபேசி வைக்கப்படும் ஓசை எங்களுக்கும் கேட்கும். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். அந்த அறையில் நான் அடைந்த நிம்மதியை வேறெங்கும் அடைந்ததில்லை.

அந்த நிம்மதி கலைந்தது ஒரு புதன்கிழமையில்.

ஒரு நாற்காலி, இரண்டு பேர். வயதில் நெருக்கம். எல்லா அளவுகளும் ஏறத்தாழ ஒன்று. ஒன்றாம் ஆள் ஒரு வாரம் முன்னதாகப் பதிவு செய்திருந்தார். சில நிமிடங்களில் முடிவு எடுக்கப்பட்டது. கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றார். இரண்டாம் ஆளின் அக்கா. பச்சைமலை அடிவாரத்திலிருந்து தம்பியை அழைத்து வந்திருந்தார்.

"ஏன்யா, எங்களுக்கு இல்லையாமே?"

"உங்களுக்கு முன்னாடி பதிவு செஞ்சவர் ஒருத்தர் இருக்கார்மா."

"முன்னாடின்னா? நாங்க ஆடி மாசமே கெளம்பிட்டோம்யா. மொதல்ல ஊர்ல பாத்தாங்க. அப்புறம் துறையூர் போகச் சொன்னாங்க. அங்க மஞ்சக்காமாலைன்னாங்க. அவன் தூக்கித் தூக்கிப் போட்டப்பதான் திருச்சிக்குப் போன்னாங்க. வந்து சேர்றதுக்கு இவ்வளவு நாளாச்சு. கெளம்பின நாள எழுத மாட்டீங்களா?"

நான் மாடியேறி மீண்டும் தலைவரின் அறைக்குச் சென்றேன். பெயரை மறைத்தபோது ஊரையும் மறைத்துவிட்டோம், ஊரோடு தூரமும் மறைந்துவிட்டது, நகரத்தில் இருப்பவர் எப்போதும் முதலில் பதிவு செய்வார் என்று சொன்னேன். குறிப்பில் ஊரை மட்டுமாவது சேர்க்கலாமே என்றேன்.

டாக்டர் சவரிமுத்து கையிலிருந்த கோப்பை மூடி வைத்தார். "வரதன், நீங்க சொல்றது சரி. ஆனா ஊர் உள்ள வந்தா பின்னாலேயே தெரு வரும். தெரு வந்தா ஜாதி வரும். அதுக்கப்புறம் உங்க பெரியப்பா வருவார், எங்க சர்ச் பங்குச் சாமியார் வருவார். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்க எனக்குத் தெரியாது."

"அப்ப அந்த ஆள்?"

"அடுத்த நாற்காலி அவருக்கு."

அடுத்த நாற்காலி காலியாவதற்குள் அவர் இறந்துவிட்டார். நான் போய்ச் சொன்னபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்ப சொல்லலாம். எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த ஊரின் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்த விதியை அவர் மாற்றவில்லை. அவருக்குப் பின் தலைமைக்கு வந்த நானும் மாற்றவில்லை. இன்றுவரை அதைவிட நேர்மையான ஒன்றை நான் அறியேன்.

அன்று வீட்டுக்கு வந்து கோமளாவிடம் இதைச் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்கும் மாணவர் பெயரை மறைத்துத்தான் தாளைக் கொடுப்பார்கள்.

"இங்கேயும் பேரை மறைக்கறாளே, என்ன பிரயோஜனம்? எழுத்தைப் பாத்தாலே எந்தக் கழுதைன்னு தெரிஞ்சுடறது," என்று சிரித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை மூடினாள். "ஏன்னா, பதிவு பண்ணின நாள்லேர்ந்து எண்ணறேள், சரி. அதுக்கு முன்னாடி அவன் நடந்த நாளெல்லாம் யார் கணக்குல வரது?"

 அவள் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவளுக்கே சிறுநீரக நோய் வந்தது. வெறும் களைப்பு என்றாள். நான் நம்பாமல் அன்றே சோதித்துப் பார்த்தேன். சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. பிறரானால் பல மாதங்கள் கழித்து அறிந்திருப்பார்கள். மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நீண்ட காலம் தள்ளினோம். டயாலிசிஸ் தேவை என்ற நிலை வந்தவுடன், ஒரு நாளும் வீணாகாமல், மாநில வரிசையில் பதிவு செய்தோம். என் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியாது; எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காத்திருந்தோம்.

அந்த ஆவணி வெள்ளியன்று, நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒன்பது கஜப் புடவை கட்ட நேரமில்லையே என்று நொந்துகொண்டே ஆட்டோவில் ஏறினாள். மருத்துவமனையில் அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்தது ஒரே பெஞ்ச். அதில் ஏற்கெனவே ஒரு பெண் அமர்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. மடியில் ஒரு மஞ்சள் பை. கணவன் படிவங்களில் கையெழுத்திடப் போயிருந்தான். கோமளா அவள் பக்கத்தில் அமர்ந்தாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள்தான் மாற்று ஆள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இருவரும் அருகருகே அமர்ந்தது யாருடைய பிழையும் அல்ல.

"நீங்களும் சாப்பிடலயாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"பச்சைத் தண்ணி குடிக்கல. நான் ஏகாதசிக்காரி. பட்டினில நான் உனக்கு சீனியர்."

"அட போங்கம்மா. எங்க சமயபுரத்தாளே வருஷா வருஷம் பச்சைப் பட்டினி கெடப்பா. அவ வாசல்ல பொரிக்கடை போட்டிருக்கேன், எனக்கா பட்டினி சொல்லித் தரணும்? ஸ்ரீரங்கமா நீங்க?"

"ஆமா."

"அப்ப நாம சொந்தம். உங்க ரங்கநாதர் எங்க ஆத்தாளுக்கு அண்ணன்ல்ல?"

"சொந்தம்னா சீர் கேப்பியேடி."

"குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

இருவரும் சிரித்தார்கள். காவலாளி திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. எப்போது நோய் தெரிந்தது என்று கோமளா கேட்டாள்.

"தெரிஞ்சப்பவே ரெண்டும் போச்சும்மா. கால் வீங்குச்சு. நின்னுக்கிட்டே வியாபாரம் பாக்குறோம், அதான் வீங்குதுன்னு இருந்துட்டேன். ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. மூச்சு முட்டுனப்பதான் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. பெரியவ பத்தாவது. உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

கோமளா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "இவர் டாக்டர். களைப்பா இருக்குன்னேன், அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டார்," என்றாள்.

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றாள் செல்வி. பொறாமை சிறிதும் இல்லாமல் சொன்னாள்.

பிற்பகலில் நிவேதா எங்களை மட்டும் உள்ளே அழைத்து, பொருத்தம் நன்றாக இருக்கிறது, உடனே தயாராகலாம் என்றார். எனக்குக் கண்கள் நிறைந்தன. கோமளா என்னை அந்த அறையின் மூலைக்கு அழைத்தாள்.

"நான் வேண்டாம்னா அடுத்தது அவளுக்குத்தானே?"

"அதெல்லாம் கேக்கப்படாது."

"விதியைத்தான் கேக்கறேன். சொல்லுங்கோ."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன்.

அவள் எண்ணம் புரிந்தவுடன் நான் பேசிய பேச்சு, வாழ்நாள் முழுதும் கற்ற அனைத்தும் சேர்ந்து பேசிய பேச்சு. நிவேதா முன்னிலையிலேயே பேசினேன். "முகத்தைப் பாத்துட்டு முடிவு பண்றே. இது நியாயமே இல்ல. வரிசைல மூணாவதா இருக்கறவளை உனக்குத் தெரியுமா? அவ இதைவிடக் கஷ்டப்பட்டவளா இருக்கலாம். அவளுக்கு நாலு குழந்தை இருக்கலாம். பெஞ்சுல உக்காந்து நன்னாப் பேசினாங்கறதுக்காகக் கொடுக்கறதுக்கும், பெரிய மனுஷன் போன் பண்ணினான்னு கொடுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"மூணாவது ஆளைத் தெரியாது. வாஸ்தவம்," என்றாள். "ஆனா நான் அவளுக்கு முன்னாடி நிக்கறேன்னா அது எதனாலன்னு தெரியும். நீங்க ஆத்துல இருந்தேள். அவாத்துல யாரும் இல்ல. உங்க வரிசை அந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கல."

"வரிசையை இப்படிக் கலைக்கப்படாது, கோமளா."

"நான் கலைக்கலையே. விலகிக்கறேன். அதுக்கு விதில இடம் இருக்கு." பிறகு என் கையைப் பிடித்தாள். "முப்பது வருஷம் நீங்க யாரையும் பாக்காம நியாயம் பண்ணேள். நான் ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் பண்றேன். ரெண்டுமே தப்பா இருந்தாலும் இருக்கட்டும்."

படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "விருப்பமில்லை" என்று மட்டும் எழுதினாள். கணித ஆசிரியையின் கையெழுத்து; எழுத்துகள் கோட்டிலேயே நின்றன.

அதிர்ச்சி என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் ஒரு கறாரான பொருள் உண்டு. இரத்தம் சேர வேண்டிய உறுப்புகளுக்குச் சேராத நிலை அது. நாடி ஓடும், நோயாளி சில வேளை பேசவும் செய்வார். அன்றிலிருந்து என் நிலையும் ஏறத்தாழ அதுதான். நடந்தேன், பேசினேன், ஆட்டோவுக்குச் சொன்னேன்.

நாங்கள் வெளியே வந்தபோது செல்வியை உள்ளே அழைத்துப்போக ஆள் வந்திருந்தது. "பெரியம்மாவுக்கு ஒத்துவரல" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்து கோமளாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்லையாமேம்மா! மனசு விட்டுடாதீங்க. அடுத்த தடவை கெடைக்கும். ஆத்தாகிட்ட நான் சொல்றேன் பாருங்க."

"சொல்லு. என் பேர் கோமளா. அதையும் சேத்துச் சொல்லு."

காவிரிப் பாலத்தைக் கடக்கும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் தயிர் சாதம் வேண்டும் என்றாள். அளந்து, உப்பில்லாமல் பிசைந்து கொடுத்தேன். பல நாட்கள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் நான் பேசவில்லை. அவளைப் பற்றிப் பெருமிதம் கொள்ளும்படி சிலர் இப்போது என்னிடம் சொல்கிறார்கள். எனக்குப் பெருமிதம் இல்லை. அவள் செய்தது நியாயம் என்று என்னால் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அநியாயம் என்று சொல்லவும் முடியவில்லை. என் அறிவு முழுவதையும் கொண்டு முயன்றும் முடியவில்லை என்பதே என் அதிர்ச்சியில் பெரும்பகுதி.

அடுத்த அழைப்பு வரவில்லை. மார்கழியில் ஒரு காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பும் முன், வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன். தலைவாரிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பயமா இருக்கு. வருத்தம்னு சொல்ல வரல," என்றாள். தையில் ஊசி ஏற்றும் இடத்தில் தொற்று ஏற்பட்டது. இரத்தத்தில் பரவியது. தைப்பூசத்தன்று பெருமாள் கொள்ளிடக் கரையில் சமயபுரத்துத் தங்கைக்குச் சீர் கொடுக்கும்போது வீட்டில் அவள் இல்லை.

நிவேதாவின் வரைவு என் மேசைமேல் இருக்கிறது. அது சரியான வரைவு. அந்தப் பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அங்கே அமர வாய்த்தவருக்கு மட்டும் இரக்கம் கிடைப்பது நீதி ஆகாது. நாளை அங்கே அமரும் ஓர் ஏழை, பக்கத்தில் இருப்பவரின் பேச்சுக்கும் பணத்துக்கும் பணிந்து தன் முறையை விட்டுக்கொடுக்கவும் கூடும். டாக்டர் சவரிமுத்து இருந்திருந்தால் ஒரே வாசிப்பில் கையெழுத்திட்டிருப்பார். நானும் பேனாவைத் திறந்தேன். அந்த நாளுக்கு முன்பே இருவரையும் பிரித்து அமர்த்தியிருந்தால் கோமளா ஒருவேளை இன்று உயிரோடிருப்பாள். அவள் கேட்ட கேள்வியும், பச்சைமலை அடிவாரத்து அக்கா கேட்ட கேள்வியும் அப்போது யாரும் பார்க்காத தளம் ஒன்றில் அமர்ந்திருக்கும்.

பேனாவை மூடிவிட்டேன்.

இன்னும் செய்யப்படாமல் இருப்பவை:

நிவேதாவுக்குப் பதில் எழுத வேண்டும். பெஞ்ச் ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும்.

ஊரையும் தெருவையும் காட்டாமல், ஒருவர் கடந்து வந்த தூரத்தை மட்டும் எண்ணும் முறை ஏதேனும் உண்டா என்று இளையவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோமளாவின் பெயர் மாநில வரிசையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர் ஓரிடம் முன்னால் வருவார்.

சமயபுரம் போக வேண்டும். செல்வியிடம் எதையும் சொல்லக் கூடாது. ஆத்தாளிடம் பெயரைச் சேர்த்துச் சொன்னாளா என்று மட்டும் கேட்க வேண்டும்.